12 ஏ.எம். எந்த நாளோடு சேரும்?

கேள்வி இது: ஒரு நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தில் "கடைசி நேரம் ஜூன் 15, 12 ஏ.எம்." என்று போட்டிருக்கிறார்கள். இது 15-ஆம் தேதி பகல் 12 மணியா, ராத்திரி 12 மணியா? ராத்திரி என்றால் எந்த ராத்திரி? 'நூன்', 'மிட்நைட்' என்று வார்த்தையாகவே போட்டிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காதா?

அவசரத்துக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய வழக்கில் 12 ஏ.எம். என்றால் நள்ளிரவு, 12 பி.எம். என்றால் பகல் 12 மணி. ஜூன் 15, 12 ஏ.எம். என்பது 15-ஆம் தேதி பிறக்கிற நொடி. அதாவது 14-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டு முடித்து வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு வருகிற 12 மணி. 15-ஆம் தேதி காலையில் எழுந்து விண்ணப்பத்தைத் திறந்தால் அது மூடியிருக்கும். அதனால் 14-ஆம் தேதி மாலைக்குள் அனுப்பிவிடுங்கள். அறிவிப்பை எழுதியவர் 15-ஆம் தேதி இரவு என்று நினைத்துக்கொண்டு இப்படி எழுதியிருக்கவும் கூடும், அப்படி எழுதுகிறவர்கள் நிறைய பேர். ஆனால் நேரம் வந்ததும் பக்கத்தை மூடுவது கணினி. அதற்கு 12 ஏ.எம். என்றால் 00:00, அவ்வளவுதான்.

இனி ஏன் இந்தக் குழப்பம் என்று பார்ப்போம். ரயில், விமானப் பயணச்சீட்டு பதிவு செய்து கொடுக்கிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன். 12 மணியால் பயணத்தைத் தவறவிட்டு வந்து நிற்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இதை ஒரு தடவை யாராவது பள்ளிக்கூடத்திலேயே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும்.

ஏ.எம்., பி.எம். இரண்டும் லத்தீன் சொற்களின் சுருக்கம். ஆன்டே மெரிடியம் என்றால் நடுப்பகலுக்கு முன், போஸ்ட் மெரிடியம் என்றால் நடுப்பகலுக்குப் பின். மெரிடீஸ் என்பது நடுப்பகல், சூரியன் உச்சிக்கோட்டைத் தாண்டுகிற நேரம். இந்த அர்த்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் பகல் 12 மணிக்கு எந்த எழுத்தும் பொருந்தாது. அது நடுப்பகலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அதுவேதான் நடுப்பகல். பழைய ஆங்கில வழக்கில் அதற்கு மெரிடீஸைக் குறிக்கும் ஒற்றை எழுத்தைப் போட்டு '12 எம்.' என்று எழுதுவதும் உண்டு. நள்ளிரவின் நிலைமை இதற்கு நேர்மாறு. அது நேற்றைய நடுப்பகலுக்கு 12 மணி நேரம் பின், நாளைய நடுப்பகலுக்கு 12 மணி நேரம் முன். ஆக, அதற்கு ஏ.எம்., பி.எம். இரண்டுமே பொருந்தும். சொல்லின் அர்த்தத்தை வைத்து இந்த வழக்கைத் தீர்க்கவே முடியாது. ஏதோ ஒன்று என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் உண்டு.

அந்த ஒப்புதலும் எளிதாக வந்துவிடவில்லை. அமெரிக்க அரசின் அச்சகம் தன் நடைக் கையேட்டில் நண்பகலுக்கு 12 ஏ.எம். என்றும் நள்ளிரவுக்கு 12 பி.எம். என்றும்தான் போட்டுக்கொண்டிருந்தது. 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். ஜப்பானில் 1872-இல் வந்த அரசாணை, நண்பகலை 'முற்பகல் 12 மணி' என்றே வகுத்தது. அந்தக் கணக்கும் தப்பில்லை, 11-க்கு அடுத்து 12 என்று முற்பகலை எண்ணி முடிக்கிறார்கள். பகல் 12.30-ஐ அங்கே 'பிற்பகல் 0 மணி 30 நிமிடம்' என்று சொல்வது இன்றும் உண்டு. எனக்குப் பிடித்த முறை அதுதான், அந்த பூஜ்யத்தால் எல்லாமே தெளிவாகிவிடுகிறது.

இன்றைய வழக்கு நிலைத்ததற்கு முக்கியமான காரணம் எண்களிலேயே நேரம் காட்டும் டிஜிட்டல் கடிகாரம் என்பது என் எண்ணம். பகல் 12 மணி 1 நிமிடம் ஐயமில்லாமல் நடுப்பகலுக்குப் பின், ஆகவே 12:01 பி.எம். அப்படியிருக்க 12:00-க்கு ஏ.எம். என்று காட்டிவிட்டு ஒரு நிமிடம் கழித்து பி.எம். என்று மாற்றுவது கடிகாரத்துக்கும் சிரமம், பார்ப்பவருக்கும் சிரமம். 12 என்ற எண் வந்ததுமே எழுத்தும் மாறட்டும் என்று வைத்துவிட்டார்கள். இப்போது கைபேசியிலும் கணினியிலும் இதுதான்.

சரி, 11 ஏ.எம்.முக்கு அடுத்து 12 பி.எம்., அதற்கடுத்து 1 பி.எம். என்று வருவது ஏன் இத்தனை பேரைக் குழப்புகிறது? பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 12 உட்கார்ந்திருப்பதுதான் காரணம். ஒரு அரைநாளின் முதல் மணி 12, அடுத்தது 1, கடைசி 11. இப்படி எண்ணுகிற பழக்கம் நமக்கு வேறு எதிலும் கிடையாது. 12.40 ஏ.எம். என்று பார்த்ததும் 11.40 ஏ.எம்.முக்கு ஒரு மணி நேரம் கழித்து வருவதாகத்தான் மனது கணக்குப் போடும். உண்மையில் அது 11.40 ஏ.எம்.முக்குப் பதினோரு மணி நேரம் முன்னால் வந்து போய்விட்டது. சந்தேகம் வந்தால் 12-ஐ அழித்துவிட்டு 0 போட்டுப் பாருங்கள். 0.40 ஏ.எம்., 0.40 பி.எம். என்று எழுதினால் எது எங்கே இருக்கிறது என்று உடனே பிடிபடும்.

'நூன்' என்று எழுதலாமே என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம், இன்றைக்கு அதில் குழப்பம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. ரோமானியர்கள் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை பகலைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தார்கள். கோடையில் ஒரு பங்கு நீளம், குளிர்காலத்தில் குட்டை. அதில் ஒன்பதாவது மணிக்குப் பெயர் நோனா. உதயம் ஆறு மணி என்று வைத்துக்கொண்டால் அது பிற்பகல் மூன்று மணி வாக்கில் வரும். நூன் என்ற ஆங்கிலச் சொல் இந்த நோனாவிலிருந்து வந்தது, பழைய ஆங்கிலத்தில் அது மூன்று மணியைத்தான் குறித்தது. கிறிஸ்தவ மடங்களில் அந்த வேளைக்கு ஒரு ஜெபம் உண்டு. நோன்பு நாள்களில் அது முடிந்த பிறகே சாப்பாடு. பசி தாங்காமல் ஜெபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தினார்கள், அதோடு சொல்லும் நகர்ந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 14-ஆம் நூற்றாண்டுக்குள் நூன் என்றால் நடுப்பகல் என்று ஆகிவிட்டது. ஸ்பெயின்காரர்களின் மதியத் தூக்கமான சியெஸ்டாவின் பெயரும் இதே கணக்கில் வந்ததுதான். அது ஆறாம் மணி, உண்மையான நடுப்பகல்.

அந்த நடுப்பகலையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். நம் கடிகாரம் ஓடுவது 82 டிகிரி 30 நிமிடக் கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தில், அது அலகாபாத்துக்குக் கிழக்கே மிர்சாப்பூர் பக்கம் போகிறது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய சீர்நேரம் அதுதான். அதற்கு முன் மதராஸ் வானாய்வகத்தின் நேரம் கிரீன்விச்சுக்கு சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னே இருந்தது, இந்திய ரயில்களே ஒரு காலத்தில் மதராஸ் நேரத்தில்தான் ஓடின. சென்னை அந்தத் தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வர சராசரியாக ஒன்பது நிமிடம் தாமதமாகிறது. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் சேர்ந்து இதை வருடம் முழுக்க முன்னும் பின்னும் இழுக்கின்றன. சென்னையில் நவம்பர் தொடக்கத்தில் 11.53-க்கே சூரியன் உச்சிக்கோட்டைத் தாண்டிவிடும், பிப்ரவரி நடுவில் 12.23 ஆகிவிடும். கோயம்புத்தூர் இன்னும் மேற்கே. அங்கே சராசரி 12.22, நவம்பரில்கூட 12.06-க்கு முன்னால் நடுப்பகல் வருவதில்லை.

இதை ஒரு குச்சியை வைத்தே பார்த்துவிடலாம். மொட்டை மாடியில் செங்குத்தாக ஒரு குச்சியை நட்டு, பதினொன்றரையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். நிழல் மிகக் குட்டையாக விழும் புள்ளிதான் உங்கள் ஊரின் நடுப்பகல். கோவையில் கடிகாரம் 12 காட்டும்போது நிழல் இன்னும் குறுகிக்கொண்டுதான் இருக்கும். லத்தீன் அர்த்தத்தைக் கறாராகப் பிடித்தால், கோவையில் வருடத்தின் எந்த நாளிலும் கடிகாரத்தின் பகல் 12 மணி ஏ.எம்.தான்! குவாஹாட்டியில் அதே நேரத்தில் நடுப்பகல் முடிந்து இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். சூரியனை விட்டு விலகி வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இன்றைக்கு ஏ.எம்., பி.எம். என்பவை கடிகாரத்தின் இரண்டு சுற்றுகளுக்கான பெயர்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இந்த இரண்டு சுற்று முறையால் பாதிக்கப்பட்டவர்களில் பெயர் பெற்றவர் சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங், கனடாவின் ரயில்பாதைப் பொறியாளர். 1876-இல் அயர்லாந்தில் பண்டோரன் என்ற ஊரின் ரயில் நிலையத்தில் மாலை வண்டிக்காகப் போய் நின்றார். கால அட்டவணையில் 5.35 பி.எம். என்று அச்சாகியிருந்தது. வண்டி உண்மையில் காலை 5.35-க்கு. இரவு முழுக்க அங்கேயே காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரே எண்ணை ஒரு நாளில் இரண்டு தடவை பயன்படுத்துவானேன் என்று 24 மணி நேரக் கணக்குக்காகவும், உலகத்துக்கு ஒரு பொது நேரத்துக்காகவும் அவர் வருடக்கணக்கில் வாதாடினார். 1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி கிரீன்விச்சை முதல் தீர்க்கரேகையாக வைத்த மாநாட்டில் அவரும் பிரதிநிதியாக இருந்தார். உலகப் பொது நாள் கிரீன்விச் நள்ளிரவில் தொடங்கும், 0 முதல் 24 வரை எண்ணப்படும் என்றும் அங்கே முடிவானது. நம் ரயில் பயணச்சீட்டில் இன்று 00:10, 21:40 என்று அச்சாகிறதே, அந்த முறைக்காகப் பாடுபட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

ஆனால் 24 மணி நேரக் கணக்கு பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கிறது. பகலா இரவா என்ற கேள்வி போய்விடும். எந்தத் தேதியின் இரவு என்ற கேள்வி அப்படியே நிற்கும். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது பகுதிதான்.

'ஜூன் 15 மிட்நைட்' என்று எழுதினால் அது 15 தொடங்கும் நள்ளிரவா, 15 முடியும் நள்ளிரவா? ஆங்கிலத்தில் இதற்கு உறுதியான பதில் கிடையாது. பேச்சு வழக்கில் பெரும்பாலானவர்கள் முடியும் நள்ளிரவைத்தான் நினைக்கிறார்கள். கணினியிடம் கேட்டால் தொடங்கும் நள்ளிரவு என்கிறது. நம் எல்லோருக்கும் நினைவிருக்கிற ஒரு உதாரணம்: 2016 நவம்பர் 8 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசும்போது, இன்று நள்ளிரவு முதல், அதாவது நவம்பர் 8 நள்ளிரவு முதல், 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார். அரசிதழ் அறிவிப்பில் நோட்டுகள் செல்லாமல் போகும் தேதியாக இருந்தது நவம்பர் 9. இரண்டும் ஒரே கணம்தான். கேட்ட யாருக்கும் அன்று சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் இரவு எட்டு மணிக்கு 'இன்று நள்ளிரவு' என்றால் இன்னும் நான்கு மணி நேரத்தில் வருவது. அதே வாக்கியத்தை ஒரு மாதம் முன்பே ஒரு தாளில் 'நவம்பர் 8 மிட்நைட்' என்று அடித்து ஒட்டியிருந்தால் பாதிப் பேர் 7-ஆம் தேதி இரவே என்று நினைத்திருப்பார்கள். இதனால்தான் சுதந்திரம் பற்றிப் பேசும்போது '1947 ஆகஸ்ட் 14-15 நள்ளிரவு' என்று இரண்டு தேதியையும் சேர்த்தே எழுதுகிறோம். அரசியல் நிர்ணய சபை கூடியது 14-ஆம் தேதி இரவு 11 மணிக்கு, சுதந்திர நாள் 15.

ரயிலில் இது எப்படி வினையாகிறது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எழும்பூரிலிருந்து இரவு எட்டு, ஒன்பது மணிக்குக் கிளம்பித் தெற்கே போகிற வண்டிகள் வழியில் விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே நள்ளிரவைத் தாண்டுகின்றன. வியாழன் இரவு எழும்பூரில் கிளம்பிய வண்டி திருச்சிக்கு வரும்போது வெள்ளிக்கிழமை 01:40 ஆகியிருக்கும். இப்போது திருச்சிக்காரர் ஒருவருக்கு வெள்ளிக்கிழமை இரவு திருநெல்வேலிக்குப் போக வேண்டும். வேலை முடித்து, வீட்டில் சாப்பிட்டு, ராத்திரி ஒன்றரை மணி வண்டியைப் பிடிப்பதாகத் திட்டம். அவர் மனதில் அது வெள்ளி இரவு. முன்பதிவில் வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டுத் தேடுகிறார், 01:40 வண்டி கிடைக்கிறது, பணத்தைக் கட்டிவிடுகிறார். அவர் வாங்கியது வியாழன் ராத்திரி வருகிற வண்டிக்கான சீட்டு. முன்பதிவு கேட்பது நீங்கள் ஏறும் நிலையத்தில் அந்த வண்டி கிளம்பும் தேதியை. அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடைமேடைக்கு வரும்போது அவருடைய வண்டி போய் 24 மணி நேரம் ஆகியிருக்கும். நிற்கிற வண்டியில் அவருடைய பெர்த்தில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவரும் தன் சீட்டைக் காட்டிச் சண்டை போடுவார், பரிசோதகர் தேதியைச் சுட்டிக் காட்டும்போதுதான் புரியும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எழும்பூரிலிருந்தே சீட்டு எடுத்து, ஏறும் இடத்தை மட்டும் திருச்சி என்று மாற்றியிருந்தால் பயணத் தேதி வியாழன்தான், ஏறும் தேதி தனியாக வெள்ளி என்று வரும். ஒரே தாளில் இரண்டு தேதி இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் எது எதற்கு என்று படித்துப் பாருங்கள். விமானத்திலும் இதே கதைதான். வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புகின்றன. ஞாயிறு 00:45 என்று போட்டிருந்தால் சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஞாயிறு இரவு போய் நின்றால் ஒன்றும் செய்ய முடியாது. வாடிக்கையாளரிடம் நான் தேதியைச் சொல்வதே இல்லை, "சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை முடிச்சிட்டு வீட்டை விட்டுக் கிளம்புறீங்க" என்றுதான் சொல்வேன்.

நமக்கு இந்தத் தவறு இவ்வளவு சுலபமாக நேர்வதற்கு இன்னொரு காரணம், நம் மரபில் நாள் என்பது உதயத்திலிருந்து உதயம் வரை. அறுபது நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம். பஞ்சாங்கத்தில் கிழமை விடியும்போதுதான் மாறும். புதன்கிழமை அதிகாலை 2 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு மருத்துவமனைச் சான்றிதழில் புதன்கிழமைத் தேதி இருக்கும், ஜாதகத்தில் செவ்வாய்க்கிழமை என்று எழுதுவார்கள். இரண்டும் சரியே, இரண்டு வேறு நாள்கணக்கு. ராத்திரி ஒரு மணியை 'நேற்றைய ராத்திரி' என்று மனது எடுத்துக்கொள்வதும் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். இஸ்லாமிய வழக்கத்தில் நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிறது. அதனால்தான் ரமலான் பிறை தெரிந்த இரவே தராவீஹ் தொழுகை ஆரம்பமாகிவிடுகிறது, நோன்பு மறுநாள். யூதர்களின் ஓய்வுநாளும் வெள்ளி மாலையிலேயே பிறந்துவிடும்.

பழைய ஆள்கள் இந்தச் சந்தேகத்துக்கு இடமே வைக்காமல் "செவ்வாய் ராத்திரி, விடிஞ்சா புதன்" என்பார்கள். நான்கே சொல்லில் எந்த இரவு என்று இரண்டு பக்கமும் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஏ.எம்., பி.எம். போட்டு, தேதி போட்டு, மிட்நைட் போட்டும் கிடைக்காத துல்லியம் இது. துக்கச் செய்தி சொல்லும்போதும், வண்டி பிடிக்கக் கிளம்பும்போதும் கிராமத்தில் இன்னும் இப்படித்தான் சொல்கிறார்கள். நகரத்தில் மறந்துவருகிறோம், அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நள்ளிரவில்தான் நாள் மாற வேண்டும் என்பது விஞ்ஞானிகளுக்கும் கட்டாயமாக இருந்ததில்லை. வானியலாளர்கள் 1924 முடியும் வரை தங்கள் நாளை நண்பகலில்தான் தொடங்கினார்கள். ராத்திரி முழுக்க விண்மீனைப் பார்த்து எழுதுகிறவருக்கு நடுவிலே தேதி மாறினால் குறிப்பேடு இரண்டாகப் பிளந்துவிடும் அல்லவா. 1925 ஜனவரி 1 முதல் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஆனால் நாள்களை வரிசையாக எண்ணிக்கொண்டே போக அவர்கள் பயன்படுத்தும் ஜூலியன் நாள் எண் இன்றும் நண்பகலில்தான் மாறுகிறது. நம் வானிலைத் துறையின் மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. ஜப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி அட்டவணையில் ராத்திரி ஒரு மணியை 25 மணி என்று போடுகிற வழக்கம் உண்டு, அது அந்த இரவின் தொடர்ச்சி என்பதைக் காட்ட. பேருந்து, ரயில் நேரங்களைக் கைபேசி வரைபடங்களுக்குக் கொடுக்கிற பொதுவான தரவு முறையிலும் 25:35 என்று எழுதலாம். ஒரு வேலை நாளின் கடைசி வண்டி தேதி மாறிய பிறகு ஓடினாலும் அந்த நாளின் கணக்கிலேயே இருக்கட்டும் என்று. மனிதர்கள் இரவை ஒரே துண்டாகத்தான் பார்க்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு.

இப்போது எப்படி எழுதுவது என்பதற்கு வருவோம். உங்களுக்கு வந்த அறிவிப்பை நான் எழுதியிருந்தால், 15-ஆம் தேதி முழுக்க அவகாசம் தருவதானால் 'ஜூன் 15, இரவு 11.59 வரை' என்று போட்டிருப்பேன். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமும் இதையே சொல்கிறது: 12 ஏ.எம்., 12 பி.எம். இரண்டையும் தவிர்த்துவிட்டு 11.59 பி.எம். அல்லது 12.01 ஏ.எம். என்று எழுதுங்கள், எந்த நாள் என்பதில் ஐயம் வராது. ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் ஒரு நாள் முழுக்க வருகிற சண்டை தீர்ந்துவிடுகிறது. வாகனக் காப்பீட்டுத் தாளில் தொடக்கம் 00:00 என்றும் முடிவு 23:59 என்றும் போடுவது இதற்காகத்தான்.

தமிழில் எழுதும்போது இன்னும் சௌகரியம். 'பகல் 12 மணி', 'இரவு 12 மணி' என்றால் முதல் குழப்பம் போய்விடும், கூடவே 'விடிந்தால் 16' என்று சேர்த்தால் இரண்டாவதும் போய்விடும். இலங்கையில் அச்சில் முற்பகல், பிற்பகல் என்பதைச் சுருக்கி மு.ப., பி.ப. என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நல்ல சுருக்கம்தான், ஆனால் அவை ஏ.எம்., பி.எம்.மின் நேர்ப் பெயர்ப்பு. 'பி.ப. 12' என்று எழுதினால் ஆங்கிலத்தின் தலைவலியையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம். 12-க்கு மட்டும் அந்தச் சுருக்கங்களை விட்டுவிடுவது நல்லது. '12 நூன்', '12 மிட்நைட்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் முதலாவது போதும், இரண்டாவதோடு இரண்டு தேதிகளையும் சேர்க்க வேண்டும்.

மருத்துவமனையில் இதைப் பார்த்திருப்பீர்கள். திங்கள் காலை அறுவை சிகிச்சை என்றால், நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக்கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்று கொடுப்பார்கள். ஆனால் நல்ல செவிலியர் அதைப் படித்துக் காட்டுவதோடு விடமாட்டார். "ஞாயித்துக்கெழம ராத்திரி பத்து மணிக்குள்ள சாப்பிட்டுடுங்கம்மா, அதுக்கப்புறம் எதுவும் வேணாம், காலைல காப்பியும் கூடாது" என்பார். கிழமை, வேளை, எது கூடாது என்று எல்லாம் அதில் இருக்கிறது, 12 என்ற எண் மட்டும் இல்லை.

கடைசியாக வெளிநாட்டு விண்ணப்பங்கள். இங்கே நள்ளிரவு யாருடைய நள்ளிரவு என்றும் பார்க்க வேண்டும். கிரீன்விச் நேரத்து, அதாவது யூ.டி.சி. நள்ளிரவு என்றால் நமக்கு அதிகாலை 5.30. நியூயார்க் நள்ளிரவு என்றால் அங்கே குளிர்கால நேரம் நடக்கும்போது நமக்குக் காலை 10.30, கோடை நேரம் நடக்கும்போது 9.30. ஆய்வுக் கட்டுரைகளுக்கு 'ஏ.ஓ.இ.' என்று ஒரு கெடு போடுவார்கள். பூமியில் எந்த மூலையிலாவது அந்தத் தேதி மிச்சமிருக்கும் வரை அனுப்பலாம் என்று அர்த்தம். அது யூ.டி.சி.க்கு 12 மணி நேரம் பின்னால் ஓடுகிற கடிகாரம். அதன்படி 15-ஆம் தேதி 23:59 என்றால் நமக்கு 16-ஆம் தேதி மாலை 5.29 வரை நேரம் இருக்கிறது. உங்கள் நுழைவுத் தேர்வு இந்தியாவில் நடப்பது என்றால் இந்தச் சலுகை கிடையாது, 14-ஆம் தேதி இரவோடு முடிந்தது.

முடிந்தால் அந்த அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, "14-ஆம் தேதி இரவு 11.59-க்குப் பிறகு விண்ணப்பம் ஏற்கப்படுமா?" என்று கேளுங்கள். 12 ஏ.எம். என்றால் என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள், அதற்கு ஆளுக்கொரு பதில் வரும். முதல் கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் எழுத முடியும், அது எழுத்தில் உங்கள் கையிலும் இருக்கும். பதில் வரும் என்று காத்திருக்காமல் விண்ணப்பத்தை மட்டும் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள்.